எல்லாப் பாலத்துக்கும் ஒரே காஸ்ட்டா?

நெட்வொர்க்ஸ் லேப்ல ஓஎஸ்பிஎஃப் போட்டுப் பார்த்தவங்க எல்லாருக்கும் இந்த இடம் ஞாபகம் இருக்கும். ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு வழி. ஒன்று 100 எம்பிபிஎஸ், இன்னொன்று 1 ஜிபிபிஎஸ். ரூட்டிங் டேபிளைத் திறந்து பார்த்தால் இரண்டு வழியும் அருகருகே, ஒரே காஸ்ட்டோட, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிற இரண்டு லிங்க்கை எப்படி இது ஒன்றுன்னு சொல்லுது? ரெக்கார்ட் நோட்டில் "அவுட்புட் வெரிஃபைட்" என்று எழுதிவிட்டு அடுத்த எக்ஸ்பெரிமென்ட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு மட்டும் அது மனசுல முள்ளு மாதிரி நின்னுடுச்சு. நான் ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதும் அதற்கு ஒரு காரணம். அது ஏன்னு பிறகு சொல்றேன்.

முதல்ல கணக்கு. ஓஎஸ்பிஎஃப்-க்கு வேகம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது காஸ்ட் என்கிற ஒரு முழு எண் மட்டும்தான், 1 முதல் 65,535 வரை. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு எண் இருக்கும். போகிற வழியில் இருக்கிற எண்களைக் கூட்டி, எது குறைவோ அதுதான் வழி என்று டைக்ஸ்ட்ரா முறையில் முடிவு செய்யும். அந்த எண் எங்கிருந்து வந்தது, நியாயமா என்றெல்லாம் ரவுட்டர் கேட்காது. ஓஎஸ்பிஎஃப் வெர்ஷன் 2-ஐ விளக்கும் 1998-ஆம் ஆண்டு ஆவணம், ஆர்எஃப்சி 2328, இந்த எண்ணை நெட்வொர்க்கை நிர்வகிப்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. அதாவது நீங்களே வைக்கணும். நீங்கள் வைக்காவிட்டால் ரவுட்டர் கம்பெனி வைக்கும்.

சிஸ்கோ வைத்த சூத்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம்: 100 எம்பிபிஎஸ்ஸை லிங்க்கின் வேகத்தால் வகுக்கணும். 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு 10. 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைனுக்கு 1,562. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1. அப்புறம் 1 ஜிபிபிஎஸ்? 0.1 வரணும், ஆனால் பின்னத்துக்கு இடமில்லை, 1-க்குக் கீழே போகவும் முடியாது. அதனால் அதுக்கும் 1. பத்து ஜிபிபிஎஸ், நூறு ஜிபிபிஎஸ், எல்லாத்துக்கும் 1.

இதைப் பார்த்து "என்னடா முட்டாள்தனம்" என்று சிரிப்பது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் காலத்தில் நின்று பாருங்க. நம்ம ஊரில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் மூலமாக. ஒரு கல்லூரிக்கு 64 கேபிபிஎஸ் லைன் இருந்தால் அது பெருமை. 100 எம்பிபிஎஸ் என்பது கட்டடத்துக்குள்ளே மட்டும் ஓடுகிற உச்ச வேகம். உச்சத்துக்கு 1 என்று வைத்து மற்றதையெல்லாம் அதிலிருந்து அளந்தது அன்றைக்கு நல்ல முடிவு. அளவுகோல் அப்படியே நின்றுவிட்டது, அளக்கப்படும் பொருள் வளர்ந்துவிட்டது. ஆறு வயதில் கதவில் கோடு போட்டு உயரம் பார்த்த பையன் கதவையே தாண்டி வளர்ந்துவிட்டால், கோட்டை வைத்து என்ன செய்வது?

இன்னொரு விஷயம், இதைக் கிளாஸ்ல யாரும் அழுத்திச் சொன்னதில்லை. வேகத்தின் தலைகீழைக் கூட்டுவது ஏதோ கைக்கு வந்த கணக்கு இல்லை. 1,500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். அதை 100 எம்பிபிஎஸ் கம்பியில் தள்ளி முடிக்க 120 மைக்ரோவினாடி ஆகும். 1 ஜிபிபிஎஸ்ஸில் 12 மைக்ரோவினாடி. 64 கேபிபிஎஸ்ஸில் 187.5 மில்லிவினாடி. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் பாக்கெட்டை முழுசா வாங்கித் திரும்பத் தள்ளுவதால், இந்த நேரங்களெல்லாம் கூடும். ஆக காஸ்ட்டைக் கூட்டினால் கிடைப்பது, பாக்கெட்டைத் தள்ளுவதற்கு ஆகும் மொத்த நேரம். மெதுவான லைன் காலத்தில் தாமதம் முழுக்க இதுதான். இப்போது? ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோவினாடி. திருச்சியிலிருந்து சென்னைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றரை மில்லிவினாடிக்கு மேல் தூரத்துக்கே போய்விடும். அதற்கு முன்னால் 12 மைக்ரோவினாடி எந்த மூலைக்கு? ஆனால் சூத்திரத்தில் தூரத்துக்கு இடமே கிடையாது. 36,000 கிலோமீட்டர் மேலே நிற்கும் சாட்டிலைட் வழியாக ஒரு வேகமான லிங்க்கும், பக்கத்துத் தெரு ஃபைபர் ஒன்றும் இருந்து, சாட்டிலைட்டின் வேகம் கொஞ்சம் கூடுதல் என்றால், சூத்திரம் சாட்டிலைட்டைத்தான் கைகாட்டும்.

சரி, இப்ப ஊர் கதைக்கு வர்றேன். ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்று வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேங்கிறாங்க. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாங்கள். வெளியே போகணும்னா பாலம் ஏறணும். திருச்சிக்கு முக்கியமான வழி, மாம்பழச் சாலையிலிருந்து சத்திரம் பக்கம் இறங்கும் காவிரிப் பாலம், 1976-ல் திறந்தது. இன்னொன்று கிழக்கே, சென்னை பைபாஸில் சஞ்சீவி நகர் பக்கம் இறங்கும் நெடுஞ்சாலைப் பாலம். ஒன்று ஊருக்குள் நேராக விடும், ஆனால் எப்போதும் கூட்டம். இன்னொன்று சுற்று, ஆனால் வேகம். தீவில் பிறந்தவனுக்கு லிங்க் காஸ்ட் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால் மினி ப்ராஜெக்ட்டுக்கு என் ஊரையே டோபாலஜியாகப் போட்டேன். லினக்ஸில் எஃப்ஆர்ஆர், நான்கு ரவுட்டர்: சத்திரம், மாம்பழச் சாலை, சஞ்சீவி நகர், திருவானைக்காவல். மாம்பழச் சாலை வழியாகப் போகிற இரண்டு லிங்க்கும் 100 எம்பிபிஎஸ். சஞ்சீவி நகர் வழியாகப் போகிற இரண்டும் 1 ஜிபிபிஎஸ். எஃப்ஆர்ஆரிலும் அளவுகோல் அதே 100 எம்பிபிஎஸ்தான். ஆக சத்திரத்திலிருந்து திருவானைக்காவலுக்கு இந்தப் பக்கம் 1+1, அந்தப் பக்கம் 1+1. சமம்.

காஸ்ட் சமம் என்றால் ரவுட்டர் இரண்டு வழியிலும் பிரித்து அனுப்பும். கேட்க நன்றாக இருக்கும். பிரிப்பது எப்படி என்பதில்தான் விஷயம். சரிபாதியாக! எந்த ஓட்டம் எந்தப் பக்கம் என்பதை முகவரிகளை வைத்து ஹேஷ் போட்டு முடிவு செய்யும், பாலம் எவ்வளவு அகலம் என்று பார்க்காது. நான் பத்து ஹோஸ்ட்டிலிருந்து ஐபெர்ஃபில் ஆளுக்கு 40 எம்பிபிஎஸ் வீதம் 400 அனுப்பினேன். ஐந்து ஓட்டம் இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். 200 எம்பிபிஎஸ் போய் 100 எம்பிபிஎஸ் பாலத்தில் மோதியது, பாதி பாக்கெட் ஆற்றோடு போனது. அதே நேரத்தில் பக்கத்துப் பாலம் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நிறைந்து ஹாயாக இருந்தது. மொத்தக் கொள்ளளவு 1,100. அனுப்பியது 400. போய்ச் சேர்ந்தது 300.

இதில் கவனிக்க வேண்டியது, கஷ்டப்பட்டது யார் என்பது. அந்த ஐந்து ஹோஸ்ட்டும் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவற்றின் ஐபி முகவரி ஹேஷில் அந்தப் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். நிஜ ஹாஸ்டலில் இது எப்படி இருக்கும் என்று யோசிங்க. ஒரே ரூமில் ஒருத்தனுக்கு மேட்ச் தடையில்லாமல் ஓடும், இன்னொருத்தனுக்கு அசைன்மென்ட் அப்லோட் ஆகாது. இவன் "நெட் சூப்பரா இருக்கு" என்பான், அவன் "நெட்டே இல்லை" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் சர்வர் ரூமில் இருந்து சராசரி பார்ப்பவருக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். டெல்டாவில் கடைமடை விவசாயி தண்ணி வரலைன்னு சொல்லும்போது தலைப்பில் இருப்பவர் ஆறு நிறைய ஓடுதே என்பாரே, அதே கதை.

கடைமடை என்றதும் நம்ம ஊரிலேயே இதைவிடப் பழைய ஒரு காஸ்ட் பிரச்சினை இருப்பது ஞாபகம் வருகிறது. நம்மில் பாதி பேர் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போகிற முக்கொம்புதான் அந்த இடம். அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, போக்கு நேர். தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக் கிளை மணல் மேடிட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பாசனம் மெலிந்துகொண்டே வந்தது. தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினியர் கொள்ளிடத்தின் தலையில் குறுக்கே மேலணையைக் கட்டினார். நம் பாஷையில் சொன்னால், காவிரியைத் தொடவில்லை, கொள்ளிடத்தின் காஸ்ட்டை ஏற்றிவிட்டார். தண்ணீர் தானாகக் காவிரிப் பக்கம் திரும்பியது.

எனக்கு இதில் பிடித்த பகுதி அடுத்து நடந்ததுதான். எண் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டது! காவிரியில் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. பிறகு 1840-களில் மேலணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைக்கவும், காவிரித் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டவும் வேண்டியிருந்தது. அங்கே ஏற்றி, இங்கே இறக்கி, திரும்ப இங்கே ஏற்றி. நாம் லேப்ல "ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்" என்று அடித்து, பார்த்து, மாற்றி அடிப்பதை அவர்கள் சுண்ணாம்பும் கல்லும் வைத்துச் செய்தார்கள். மாற்றி அடிக்க அவர்களுக்கு வருஷக்கணக்கு ஆச்சு, நமக்கு ஒரு என்டர். அந்த அணைக்கு முடிவு 2018 ஆகஸ்ட் 22 இரவு வந்தது. வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்தின் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அந்த வாரம் ஊரில் வேறு பேச்சே கிடையாது. இப்போது அங்கே புதுக் கதவணை நிற்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் ஆறும் ஓஎஸ்பிஎஃப்-பும் ஒத்துப்போகாது, இதைத் தவறவிட்டுவிடாதீங்க. ஆற்றில் படுகை கொஞ்சம் உயர்ந்தால் தண்ணீர் கொஞ்சம் குறையும். முக்கால் இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் என்று பிரியும். ஓஎஸ்பிஎஃப்-பில் காஸ்ட் சமமாக இருந்தால் சரிபாதி, ஒரு எண் கூடினாலும் மொத்தமும் ஒரே பக்கம். நடுவில் எதுவுமில்லை. நான் அளவுகோலை 100 ஜிபிபிஎஸ் என்று மாற்றினேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1,000 ஆனது, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 100. மாம்பழச் சாலை வழி 2,000, சஞ்சீவி நகர் வழி 200. உடனே நானூறும் சஞ்சீவி நகர் பக்கம் போனது, பாக்கெட் எதுவும் தொலையவில்லை. சந்தோஷம்தான். ஆனால் காவிரிப் பாலம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு லிங்க்கைக் காசு கொடுத்து வாங்கி, மற்றது அறுந்தால்தான் பயன்படும் என்று நிறுத்தி வைப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகிற முடிவு இல்லை. சிஸ்கோவின் இஐஜிஆர்பி-யில் வேரியன்ஸ் என்று ஒன்று வைத்து வேகத்துக்கு ஏற்றபடி பிரிக்கலாம். ஓஎஸ்பிஎஃப்-பில் அது கிடையாது. எந்த லிங்க்குக்கு எந்த எண் வைத்தால் மொத்த நெட்வொர்க்கும் நெரியாமல் ஓடும் என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது என்பி-ஹார்டு என்று ஃபோர்ட்ஸ், தோரப் என்ற இருவர் 2000-ல் காட்டினார்கள். அதே பேப்பரில், தோராயமாகத் தேடினாலே நல்ல எண்கள் கிடைக்கும் என்றும் காட்டினார்கள். அதனால் மனசைத் தளர விடாதீங்க.

அளவுகோலை மாற்றும்போது இரண்டு சிக்கல். ஒன்று, கமாண்ட் அடித்ததும் சிஸ்கோ ரவுட்டரே எச்சரிக்கும்: எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி வை என்று. வேண்டுமென்றே அதை மீறிப் பார்த்தேன். சத்திரத்தில் மட்டும் மாற்றினேன். சத்திரத்திலிருந்து போனதெல்லாம் சஞ்சீவி நகர் வழியாகப் போனது. திரும்பி வந்ததோ பழையபடி இரண்டு பக்கமும் பிரிந்து வந்தது. காஸ்ட் என்பது லிங்க்குக்கு இல்லை, லிங்க்கின் ஒரு முனையிலிருந்து வெளியே போகும் திசைக்கு. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இன்டர்வியூவில் கேட்டால் இதைச் சொல்லுங்க, நல்ல பேர் கிடைக்கும்.

இரண்டாவது, மேலே விரித்தால் கீழே சுருங்கும். 100 ஜிபிபிஎஸ் அளவுகோலில் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு ஒரு லட்சம் வரணும், ஆனால் உச்சவரம்பு 65,535. 1 எம்பிபிஎஸ்ஸும் 64 கேபிபிஎஸ்ஸும் ஒன்றாகிவிடும். முன்பு பணக்கார லிங்க்குகளுக்குள் வித்தியாசம் தெரியவில்லை, இப்போது ஏழை லிங்க்குகளுக்குள் தெரியாது. யாரைப் பிரித்துப் பார்க்கணும், யாரை ஒரே கும்பலில் போடலாம் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

அப்படியானால் எண்ணை மனிதன் ஏன் வைக்கணும், நெரிசலைப் பார்த்து ரவுட்டரே மாற்றிக்கொள்ளட்டுமே என்று கேட்பீங்க. எங்க பேட்ச்சில் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். அதைச் செய்து பார்த்துவிட்டார்கள், அதுவும் இன்டர்நெட்டுக்கு மூதாதையான அர்ப்பாநெட்டில். 1979-ல் ஒவ்வொரு லிங்க்கின் தாமதத்தையும் அளந்து, பத்து வினாடிக்கு ஒருமுறை சராசரி எடுத்து, அதையே காஸ்ட்டாக வைத்தார்கள். கூட்டம் குறைவாக இருந்தவரை பிரமாதமாக ஓடியது. கூட்டம் கூடியதும் கூத்து ஆரம்பித்தது. இந்தப் பாலம் நெரிசல் என்று தெரிந்ததும் எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் அந்தப் பாலத்துக்குத் தாவும். உடனே அது நெரியும், இது காலியாகும். அடுத்த கணக்கெடுப்பில் எல்லாம் திரும்ப இங்கே. 1987-ல் பிபிஎன் நிறுவனத்தில் கன்னா, ஜிங்கி ஆகியோர் செய்த மாற்றம் ரொம்ப எளிமையானது: நெரிசலைக் கவனி, ஆனால் மிகைப்படுத்தாதே. லைன் முழுக்க நிரம்பியிருந்தாலும் அதன் காஸ்ட் காலியாக இருக்கும்போது இருந்ததைப் போல சுமார் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஒரே தடவையில் பெரிதாகத் தாவவும் கூடாது.

இதை நான் பேப்பரில் படிப்பதற்கு முன்னாலேயே ரோட்டில் பார்த்திருக்கிறேன். காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடியபோது, 2022 கடைசியிலிருந்து 2023 தொடக்கம் வரை, தீவே திணறியது. கார், ஆட்டோ எல்லாம் திருவானைக்காவல் வழியாக பைபாஸ் ஏறி, சஞ்சீவி நகரில் இறங்கி, ஓடத்துறை ரோடு பிடித்துச் சத்திரம் வர வேண்டும். ஒரு காலத்தில் ஓடம் ஏறிய இடத்தின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற ரோடு அது. போன் மேப் "ஓடத்துறை காலி" என்று காட்டும். பத்து நிமிஷத்தில் எல்லாரும் அங்கே.

எங்கள் வீட்டில் இது பாட்டியின் பிரச்சினை. வாரம் இரண்டு நாள் தில்லை நகரில் டயாலிசிஸ், காலை ஏழு மணி ஸ்லாட். அங்கே மெஷின் வரிசையாகப் புக் ஆகியிருக்கும். ஏழு மணி ஆள் ஏழரைக்குப் போனால், அடுத்த ஆள் வெளியே காத்திருப்பதால் நான்கு மணி நேரம் மூன்றரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போக வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கும். அன்றைக்கு ராத்திரி பாட்டி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பாள், மூச்சு வாங்கும்.

ஓடத்துறை வழி ஒரு நாள் இருபத்தைந்து நிமிஷத்தில் விட்டது, மறு தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல். அம்மா இரண்டு வாரம் பார்த்தாள். அப்புறம் ஆட்டோ அண்ணனிடம், "தம்பி, இனிமே பைபாஸ்லயே நேரா டிவிஎஸ் டோல்கேட் போயிடு, கண்டோன்மென்ட் வழியா வந்துக்கலாம்" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது ரொம்ப சுத்துக்கா. ஐம்பது நிமிஷம் ஆகும். காசும் கூட ஆகும்." அம்மா சொன்னாள்: "ஐம்பதுன்னா ஐம்பதுதானே. அது போதும்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. சராசரி எடுத்தால் ஓடத்துறை நாற்பது நிமிஷம், பத்து நிமிஷம் லாபம்னு வாதாடினேன். அம்மாவுக்குச் சராசரி தேவையில்லை. எல்லா நாளும் ஏழு மணிக்கு அங்கே இருக்கணும். ஐம்பது நிமிஷம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம். இருபத்தைந்தா அறுபத்தைந்தா என்று தெரியாத வழிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? வெறும் கையோடு காலேஜுக்குப் போகிற எனக்கு ஓடத்துறைதான் சரி, பாட்டிக்கு டோல்கேட்தான் சரி. ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே பாலங்கள், இரண்டு காஸ்ட்.

ஓஎஸ்பிஎஃப்-பில் இதற்கு இடம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப கால ஆவணங்களில், ஒரு லிங்க்குக்கு டைப் ஆஃப் சர்வீஸ் வாரியாகத் தனித்தனி காஸ்ட் வைக்கலாம். தாமதம் முக்கியம் என்கிற பாக்கெட்டுக்கு ஒரு எண், நிறைய அள்ளிக்கொண்டு போகணும் என்பதற்கு வேறொன்று, நம்பகம் வேணும் என்பதற்கு இன்னொன்று. நடைமுறையில் யாரும் பயன்படுத்தவில்லை என்று பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஒரு லிங்க்குக்கு ஒரே எண், எல்லாருக்கும் அதுவே. 2007-ல் மல்டி-டோபாலஜி என்ற பெயரில் பாதி திரும்பி வந்தது. பிறகு 2023 பிப்ரவரியில் ஃப்ளெக்ஸிபிள் அல்காரிதம், சுருக்கமாக ஃப்ளெக்ஸ்-அல்கோ, ஆர்எஃப்சி 9350-ஆக வெளிவந்தது. ஒரே நெட்வொர்க்கில் ஒரு கூட்டத்துக்கு வழக்கமான காஸ்ட், இன்னொரு கூட்டத்துக்குத் தாமதத்தை வைத்துக் கணக்கிட்ட வழி. அம்மா ஆட்டோ அண்ணனிடம் பேசியதும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான்.

ப்ராஜெக்ட்டில் கடைசியாக நான் வைத்த எண்களைச் சொல்லிவிடுகிறேன், வேண்டுமானால் போட்டுப் பாருங்க. அளவுகோல் 100 ஜிபிபிஎஸ், நான்கு ரவுட்டரிலும். பிறகு டோல்கேட் என்று ஐந்தாவது ரவுட்டர் ஒன்றைச் சேர்த்து, சத்திரத்துக்கும் திருவானைக்காவலுக்கும் 1 ஜிபிபிஎஸ் லிங்க் கொடுத்தேன். கூடவே ஒவ்வொரு லிங்க்கிலும் 20 மில்லிவினாடி தாமதம், ஆனால் துளி ஜிட்டர் கிடையாது. சஞ்சீவி நகர் லிங்க்குகளில் 5 மில்லிவினாடி, கூடவே 0 முதல் 30 வரை ஜிட்டர். சூத்திரப்படி இரண்டு வழிக்கும் 200, சரிசமம். நான் டோல்கேட் பக்கம் கையால் 150, 150 என்று வைத்து, சாதாரண டிராஃபிக்கை சஞ்சீவி நகருக்குத் தள்ளினேன். வாய்ஸ் கால் பாக்கெட்டுகளை மட்டும் பாலிசி ரூட்டிங்கில் பிடித்து டோல்கேட் வழியாக அனுப்பினேன். அழகான வழி இல்லை, ஒவ்வொரு ரவுட்டரிலும் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் கால் ஒரு தடவைகூட விக்கவில்லை.

வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த 150-ஐ விரலால் தொட்டு, "இது எந்த ஃபார்முலா?" என்று கேட்டார். ஃபார்முலா இல்லை சார், நானாக வைத்தது என்றேன். "எதை வைத்து?" என்றார். ஏழு மணி ஸ்லாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.